தேர் ஓடாத நாளில் வரும் பரிசோதகர்

தைப்பூசத் தேதி யாருக்காகவும் நகராது. 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. கோலாலம்பூர் துன் எச். எஸ். லீ சாலையில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் இரவில் கிளம்பும். வழிநெடுகத் தேங்காய் உடைபட, மெல்ல மெல்லப் பத்துமலைக்கு வந்து சேரும். ரதம் இப்போது எங்கே வருகிறது, ஈப்போ சாலையைத் தொட்டுவிட்டதா, பால்குடம் எடுப்பவர்கள் எந்த நேரத்தில் கிளம்பினால் நெரிசலைத் தவிர்க்கலாம் என்று கைப்பேசியில் காட்டும் ஒரு சின்னச் செயலியைப் பத்துமலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் எழுதி முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலரும் கூகுளுக்கு ஒரே தடவையாக 25 டாலரும் கட்டியாயிற்று. செயலியையும் அனுப்பியாயிற்று. திரையில் ஒரு மஞ்சள் புள்ளி, பக்கத்தில் ‘வெயிட்டிங் ஃபார் ரிவ்யூ’ என்ற வாசகம். அவர் செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை.

இந்த மஞ்சள் புள்ளியைப் பற்றி நிரலாளர்கள் பேசும்போது குரலில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும். பெரிய நிறுவனத்தின் மெத்தனம், அமெரிக்காக்காரனின் அலட்சியம் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நிறுவனங்களின் குணத்தையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஒரு காத்திருப்பு மிஞ்சத்தான் செய்யும். அந்த மிச்சத்துக்குக் காரணம் கணிதம். 1909-இல் ஒரு டேனிஷ்காரரும் 1936-இல் ஓர் ஆங்கிலேயரும் எழுதிவைத்த கணிதம்.

முதலில், அனுப்பு பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? மனிதக் கண் படுவதற்கு முன் இயந்திரங்கள் செயலியைப் பிரித்து மேய்கின்றன. செயலியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணித முத்திரை இருக்கிறது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முத்திரை ஒத்துப்போகாது. அதன்மேல் நிரலாளரின் மின்கையொப்பம். இது செயலி நல்லதா கெட்டதா என்பதைச் சொல்லாது. இன்னார் எழுதியது, வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லும். அடுத்து, இயங்குதளத்தின் உள்ளறைகளை அனுமதியின்றித் தொடும் கட்டளைகள் இருக்கின்றனவா என்று பெயர் பெயராகத் தேடுகிறார்கள். தெரிந்த தீநிரல்களின் அச்சடையாளங்களோடு ஒப்பிடுகிறார்கள். இருப்பிடம் கேட்கும் செயலி ‘ஏன் கேட்கிறேன்’ என்ற விளக்க வரியை வைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் ரதச் செயலி அந்த வரியை மறந்திருந்தால் அங்கேயே திரும்பிவிடும். இவ்வளவுக்கும் சில நிமிடங்கள் போதும்.

பிறகு ஏன் மனிதர்? இயந்திரமே முழுவதையும் பார்த்து, ‘இந்தச் செயலி தீங்கு செய்யாது’ என்று சான்று கொடுத்துவிடக் கூடாதா? கூடாது என்று யாரும் விதி போடவில்லை, அது முடியாத காரியம். கணினிகள் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 1936-இல், ஆலன் டூரிங் இதை நிறுவிவிட்டார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஒரு கட்டத்தில் நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்பதைத் தப்பாமல் சொல்லக்கூடிய ஒரு பொதுவான நிரலை எழுதவே முடியாது. அவருடைய வாதத்தின் சாரம் குறும்புத்தனமானது. அப்படி ஒரு சோதனை நிரல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை என் நிரலுக்குள்ளேயே பொதித்து, ‘என்னைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்கச் செய்து, அது சொல்வதற்கு நேர் எதிராக நடக்கும்படி எழுதிவிடுகிறேன். ‘நிற்கும்’ என்றால் ஓடுவேன், ‘ஓடும்’ என்றால் நின்றுவிடுவேன். சோதனை நிரல் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். 1953-இல் ஹென்றி கார்டன் ரைஸ் இதை இன்னும் அகலமாக்கினார். நிற்பது மட்டுமன்று, ஒரு நிரலின் நடத்தையைப் பற்றிய எந்த உருப்படியான கேள்விக்கும் எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி விடை சொல்லும் இயந்திரம் கிடையாது. ‘இது பயனரின் தொடர்பு எண்களைத் திருடுமா?’ என்பதும் அத்தகைய கேள்விதான்.

இது ஏதோ காகிதத்தில் மட்டும் வாழும் தேற்றம் என்று நினைக்க வேண்டாம். ஒரு நேர் முழு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள், ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வந்த எண்ணுக்கும் அதையே செய்யுங்கள். 7-இல் தொடங்கினால் 22, 11, 34, 17, 52, 26, 13, 40, 20, 10, 5, 16, 8, 4, 2, கடைசியில் 1. இதுவரை சோதித்த எல்லா எண்களும் 1-க்கே வந்து சேர்ந்திருக்கின்றன. எல்லா எண்களும் அப்படித்தான் வரும் என்று லோத்தர் கோலாட்ஸ் பெயரால் வழங்கும் ஊகம் 1937 முதல் நிறுவப்படாமல் கிடக்கிறது. இப்போது ஒருவர் தன் செயலியில் பத்து வரி சேர்க்கிறார்: எண்களை ஒவ்வொன்றாகச் சோதி, 1-ஐத் தொடாமல் வேறொரு வட்டத்தில் சிக்கிச் சுற்றும் எண் கிடைத்தால் உடனே பயனரின் படங்களை எல்லாம் அழித்துவிடு. இந்தச் செயலி ஆபத்தானதா? பத்து வரியும் கண்முன் இருக்கிறது, மறைவாக ஒன்றும் இல்லை. ஆனாலும் உலகத்தின் எந்தக் கணித அறிஞராலும் இன்று விடை சொல்ல முடியாது. ஆப்பிளின் பரிசோதகரிடம் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

படித்துப் பார்த்துச் சொல்ல முடியாது என்றால் ஓட்டிப் பார்க்கலாமே? கூகுள் அதைத்தான் செய்தது. 2008 அக்டோபரில் திறந்த ஆண்ட்ராய்டு சந்தையில் தொடக்கத்தில் முன்பரிசோதனையே கிடையாது. பதிவேற்றினால் சிறிது நேரத்தில் கடையில் நிற்கும். தீநிரல்கள் பெருகியபின், 2012 பிப்ரவரியில், ‘பவுன்சர்’ என்ற தானியங்கிக் காவலரை வைத்திருப்பதாக அறிவித்தார்கள். ஒவ்வொரு செயலியையும் ஒரு போலிக் கைப்பேசிக்குள் ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பது அதன் வேலை. அதே ஆண்டு ஜூனில் ஜான் ஓபர்ஹைடு, சார்லி மில்லர் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் வேவு பார்ப்பதற்கென்றே ஒரு செயலியை அனுப்பி, பவுன்சரின் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தார்கள். அந்தப் போலிக் கைப்பேசியில் இருந்த படங்கள் இரண்டு: ஒரு பூனை, ஒரு லேடி காகா. இனி என்ன? ‘பூனையும் லேடி காகாவும் மட்டும் இருந்தால் நல்ல பிள்ளையாக இரு, மற்ற இடங்களில் உன் வேலையைக் காட்டு’ என்று எழுதிவிடலாம். இருவரும் கூகுளிடம் விவரத்தைச் சொன்னார்கள், கூகுளும் அடைக்க வேண்டியதை அடைத்தது. என்றாலும் சோதனைச்சாலையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் நிரல் அங்கே வேஷம் போடும் என்ற அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. 2015 மார்ச்சில் கூகுளும் மனிதப் பரிசோதகர்களை அமர்த்திவிட்டதாக வெளியில் சொன்னது.

ஆப்பிளின் மனிதர்களையும் ஏமாற்ற முடியும் என்று 2013-இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ‘ஜெக்கில்’ என்று பெயரிட்ட அவர்களுடைய செயலி பரிசோதனையின்போது சாதுவாக இருந்தது. அங்கீகாரம் கிடைத்தபின், வெளியிலிருந்து வரும் சமிக்ஞையால் தன் துண்டுகளை வேறு வரிசையில் கோத்துக்கொண்டு வேறொரு ஆளாக மாறியது. அந்தச் செயலி தான் எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அதன்படி பரிசோதனையில் அது ஓடியது சில விநாடிகள் மட்டுமே.

சில விநாடிகளா என்று வாயைப் பிளப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடலாம். 2009-இல் கூகுள் வாய்ஸ் செயலியை ஆப்பிள் ஏற்காத விவகாரத்தில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விளக்கம் கேட்டது. ஆகஸ்ட் 21 அன்று ஆப்பிள் கொடுத்த பதில்தான், அதுவரை மூடி வைத்திருந்த அந்த அறைக்குள் நமக்குக் கிடைத்த முதல் வெளிச்சம். முழுநேரப் பரிசோதகர்கள் 40-க்கு மேல். ஒவ்வொரு செயலியையும் குறைந்தது இருவர் பார்ப்பார்கள். வாரத்துக்கு ஏறக்குறைய 8,500 புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் வருகின்றன. சுமார் 20 விழுக்காடு அனுப்பிய வடிவில் ஏற்கப்படுவதில்லை. 95 விழுக்காடு 14 நாளுக்குள் அங்கீகரிக்கப்படுகின்றன. இப்போது கணக்கு: 8,500-ஐ இருவர் பார்த்தால் 17,000 பார்வைகள். நாற்பதால் வகுத்தால் ஆளுக்கு வாரம் 425, ஐந்து நாள் வேலை என்றால் நாளுக்கு 85. எட்டு மணி நேரத்தில் 85 என்றால், தேநீர் குடிக்கப் போகாமல் உட்கார்ந்தாலும் ஒன்றுக்கு ஆறு நிமிடம் தேறாது. அந்த ஆறு நிமிடத்துக்காகத்தான் ஈராயிரம் மணி நேரம் எழுதியவர் இரண்டு வாரம் வரை காத்திருந்தார்.

ஆறு நிமிட வேலைக்கு இரண்டு வாரம் ஏன் ஆகிறது என்பதற்கு டேனிஷ்காரரிடம் போக வேண்டும். அக்னர் எர்லாங் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை பேர் ஒரே நேரத்தில் அழைப்பார்கள், எத்தனை இணைப்புக் கம்பிகள் போட வேண்டும் என்ற நடைமுறைக் கேள்வியிலிருந்து 1909-இல் அவர் தொடங்கியதுதான் இன்றைக்கு வரிசைக் கோட்பாடு என்று வளர்ந்து நிற்கிறது. அதன் மையமான செய்தி நம் பொதுப்புத்திக்கு எதிரானது. வேலை செய்பவரின் நேரம் எவ்வளவு நிரம்புகிறதோ அதே அளவில் காத்திருப்பும் கூடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படிக் கூடுவதில்லை, நிரம்ப நிரம்ப வெடிக்கிறது. எளிய ஒற்றைப் பரிசோதகர் வரிசையில் ஒரு செயலிக்கு ஆறு நிமிடம் என்று வையுங்கள். அவருடைய நேரத்தில் பாதி மட்டும் நிரம்பியிருந்தால், வரிசையில் சேர்ந்து வேலை முடிந்து வெளியேறச் சராசரியாக 12 நிமிடம். 90 விழுக்காடு நிரம்பினால் ஒரு மணி நேரம். 95 என்றால் இரண்டு மணி. 99 என்றால் பத்து மணி நேரம். பரிசோதகர் ஒரு நொடியும் சோம்பியிருக்கக் கூடாது என்று நிர்வாகம் கணக்குப் பார்த்தால், அந்தச் சிக்கனத்தின் விலையை வரிசையில் நிற்பவர் கட்டுகிறார்.

தைப்பூசத்தன்று பத்துமலைப் படியேறியவர்களுக்கு இது உடம்பாலேயே தெரியும். 272 படிகள். கூட்டம் மிதமாக இருக்கும்வரை அவரவர் வேகத்தில் ஏறலாம். படிகள் நிரம்பும் எல்லைக்குக் கூட்டம் வந்துவிட்டால், மேலே பெரிய காவடி எடுத்த ஒருவர் மூச்சு வாங்க அரை நிமிடம் நின்றாலும், அந்த அரை நிமிடம் படிப்படியாகக் கீழிறங்கி அடிவாரத்தில் பல நிமிடத் தேக்கமாகிவிடுகிறது. செயலி வரிசையிலும் காவடிகள் உண்டு. ஐந்து நிமிடத்தில் முடியும் கணிப்பான் செயலிக்குப் பின்னால் முப்பது திரைகளும் பத்துவிதக் கட்டண முறைகளும் கொண்ட ஒரு வங்கிச் செயலி வரும். வேலையின் நீளம் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அவ்வளவுக்கு வரிசையும் நீளும்.

திரும்பி வருபவர்கள் இன்னொரு சுமை. ஐந்தில் ஒன்று நிராகரிக்கப்பட்டு, திருத்தி மீண்டும் அனுப்பப்பட்டு, அதிலும் ஐந்தில் ஒன்று திரும்பினால், பரிசோதகர்களின் மேசைக்கு வரும் வேலை 25 விழுக்காடு கூடுகிறது. ஐந்தில் இரண்டு என்றால் 67 விழுக்காடு. 2022-ஆம் ஆண்டுக்கான ஆப்பிளின் வெளிப்படைத்தன்மை அறிக்கையில் ஏறத்தாழ 6.1 மில்லியன் பரிசோதனைகளும் 1.68 மில்லியன் நிராகரிப்புகளும் பதிவாகியுள்ளன. நிராகரிப்புக்கான காரணத்தைத் தெளிவாக எழுதாத பரிசோதகர் தன் சொந்த வரிசையைத்தான் நீட்டிக்கொள்கிறார். எது விதி என்பதையே ஆப்பிள் பொதுவில் வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான். அதற்கு முன் இரண்டு ஆண்டு, விதிப்புத்தகம் இல்லாத தேர்வை எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2016 வாக்கில் ஒரு வாரக் காத்திருப்பு இரண்டு நாளுக்குள் வந்தது. இன்று 90 விழுக்காடு 24 மணி நேரத்துக்குள் பார்க்கப்படுவதாக ஆப்பிள் சொல்கிறது. 2021-இல் எபிக் என்ற விளையாட்டு நிறுவனத்தோடு நடந்த வழக்கில் வந்த சாட்சியத்தின்படி ஏறத்தாழ 500 பரிசோதகர்கள், வாரத்துக்குச் சுமார் ஒரு லட்சம் செயலிகள். செயலிக்கு இருவர் என்ற அதே வகுத்தலைப் போட்டால் ஆளுக்கு நாளுக்கு 80, பார்வைக்கு ஆறு நிமிடம். ஆறு நிமிடம் அப்படியே இருந்தும் வரிசை குறுகியதற்கு ஆள் கூடியதும் இயந்திர முன்வடிகட்டல் கூர்மையானதும் காரணமாக இருக்கலாம்.

ஆனால் 24 மணி நேரம் என்பது பரிசோதகர் பார்ப்பதற்கான நேரம். சரி என்று சொல்வதற்கான நேரமன்று. பத்துமலையிலிருந்து பார்த்தால் இதில் ஒரு பூகோளக் கோணலும் உண்டு. பனிக்காலத்தில் கலிஃபோர்னியா நம்மைவிட 16 மணி நேரம் பின்னால். அங்கே காலை ஒன்பதுக்கு வேலை தொடங்கும்போது இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி. நிராகரிப்புக் கடிதம் தூக்கத்தில் வரும். காலையில் எழுந்து, திருத்தி, பதில் எழுதினால் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்ற அளவிலேயே ஒரு முழு நாள் கரையும்.

சரி, தவறே செய்யாதவர் ஏன் நிராகரிக்கப்படுகிறார்? இதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு லட்சம் செயலிகளில் ஆயிரத்துக்கு ஒன்று உண்மையில் தீயது என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 தீயவை. 99 விழுக்காடு துல்லியமான வடிகட்டி நம்மிடம் இருக்கிறது. அது 99 தீயவற்றைப் பிடித்துவிடும், அற்புதம். ஆனால் மீதமுள்ள 99,900 நல்ல செயலிகளிலும் நூற்றுக்கு ஒன்றைச் சந்தேகிக்கும். அவை 999. ஆகவே மாட்டியவர்கள் 1,098 பேரில் பதினொருவருக்கு ஒருவர் கூடக் குற்றவாளி இல்லை. வடிகட்டி மோசமானதால் இப்படி ஆகவில்லை, குற்றவாளிகள் அரிதாக இருப்பதால் ஆகிறது. விமான நிலையச் சோதனை முதல் நோய்க்கான முன்சோதனை வரை எங்கும் இதே கணக்குதான்.

இனி ரதச் செயலிக்கு வருவோம், சிக்கல் அங்கேதான் முற்றுகிறது. பரிசோதகர் அதைத் திறப்பது ஜனவரி நடுவில், கலிஃபோர்னியாவிலோ அயர்லாந்திலோ ஓர் அலுவலகத்தில். ரதம் ஓடவில்லை. வரைபடத்தில் ஒன்றும் நகரவில்லை. ‘தற்போது தகவல் இல்லை’ என்று தமிழில் ஒரு வரி. அவருக்கு முன்னால் இருப்பது முடிக்கப்படாத செயலி. தீர்க்கப்படாமல் நிற்கும் நிராகரிப்புகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் ‘முழுமையின்மை’ என்ற ஒரே விதியின்கீழ் வருவதாக ஆப்பிளே சொல்கிறது. செயலி முறிவது, உள்ளே நுழையக் கணக்கு தராதது, வெற்றுத் திரை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் விழும்.

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பாருங்கள். குறிப்பிட்ட நாள் வரும்வரை சும்மா கிடந்து, அந்த நாளில், அந்த இடத்தில் மட்டும் விழித்தெழும் நிரல் எது? பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் காலவெடி. நம் பக்தர் எழுதிய செயலியும் அதே உருவத்தில்தான் இருக்கிறது. பிப்ரவரி 1 அன்று பத்துமலையில் விழித்துக்கொள்ளும் நல்ல செயலியையும், பிப்ரவரி 1 அன்று விழித்துக்கொள்ளும் திருட்டுச் செயலியையும் ஜனவரி 15 அன்று ஆப்பிள் தலைமையகம் இருக்கும் கூப்பர்டினோவில் பிரித்தறிய வெளிப்புறச் சோதனையால் வழியில்லை. டூரிங்கின் தேற்றம் நம் ஊர்த் திருவிழாவில் வந்து முட்டும் இடம் இதுதான்.

இதற்கு அனுபவசாலிகள் கண்டுபிடித்த மருந்து, செயலிக்குள் ஒரு ‘டெமோ மோட்’ வைப்பது. பரிசோதகர் ஒரு பொத்தானை அழுத்தினால் சென்ற ஆண்டு ரதம் போன பாதையைச் செயலி ஓட்டிக் காட்டும். கூடவே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: தைப்பூசம் என்றால் என்ன, ரதம் எப்போது ஓடும், ஏன் இருப்பிடம் தேவை. ஒரு நிமிடக் காணொளியும் இணைத்தால் இன்னும் நல்லது. பக்கத்துத் தெருப் பாட்டிக்குக் கூடத் தெரிந்ததை ஆறாம் வகுப்புக் கட்டுரை மாதிரி விளக்குவது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஐந்து வரி ஐந்து நாளை மிச்சப்படுத்தும். திருவிழா போன்ற தேதி மாறாத நிகழ்வுக்கு விரைவுப் பரிசோதனை கேட்கவும் ஆப்பிளிடம் வழி உண்டு. முன்னுரிமை வரிசை என்பது வரிசைக் கோட்பாட்டில் பழைய உத்தி. 2020 மார்ச்சில் கோவிட் செயலிகளுக்கு அதைத்தான் செய்தார்கள். அரசாங்கம், மருத்துவ அமைப்புகள் போன்ற அறியப்பட்டவர்களிடமிருந்து வந்தால் மட்டுமே ஏற்பு, வந்ததை முன்னால் எடுத்துப் பார்ப்பது. நம் மலேசியாவின் கோவிட் செயலியான மைசெஜாத்ரா கடைகளுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

கூகுள் பக்கம் வேறொரு காத்திருப்பு. 2023 நவம்பருக்குப் பின் தனிநபராகக் கணக்குத் திறந்தவர்கள், கடையில் வெளியிட விண்ணப்பிக்கும் முன்பே மூடிய சோதனை ஒன்றை நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர், 2024 டிசம்பரில் அதை 12 பேராகக் குறைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். நிறுவனக் கணக்குகளுக்கு இது கிடையாது. பத்துமலையிலும் செந்தூலிலும் பன்னிரண்டு பேரைப் பிடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, தைப்பூசச் செயலி என்றால் தண்ணீர்ப்பந்தல் குழுவே வந்துவிடும். ஆனால் நாள்காட்டியைப் பாருங்கள். 14 நாள் சோதனை, வெளியீட்டு உரிமைக்கு ஒரு வாரம், செயலிப் பரிசோதனைக்கு இன்னொரு வாரம் வரை. ஒரு நிராகரிப்பும் இல்லாவிட்டால்கூட ஜனவரி 4-க்குள் தொடங்கியிருக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால், நூறு பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதும் ஒற்றை ஆளின்மேல் இந்தச் சுமையை ஏற்றியது எனக்கு ஒப்பவில்லை. தீநிரல் எழுதுகிறவனுக்குப் பன்னிரண்டு போலிக் கணக்குகள் உண்டாக்கத் தெரியாதா என்ன?

நிரல் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் இத்தனையும். அப்படியானால் கேள்வியையே மாற்றிக் கேட்கலாமே. ‘இது என்ன செய்யும்?’ என்று ஆராய்வதற்குப் பதில், ‘இதனால் என்ன செய்ய முடியும்?’ என்பதைக் கட்டுப்படுத்திவிடலாம். நிரலின் எண்ணம் எதுவானாலும் கையெட்டும் தூரத்தை நாம் தீர்மானிக்கிறோம். டூரிங்கும் ரைஸும் இதற்குத் தடை சொல்லவில்லை. கைப்பேசி இயங்குதளங்கள் ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் பூட்டி வைப்பது இதனால்தான். பக்கத்து அறையின் கோப்பைப் படிக்க முடியாது. ஒலிவாங்கியையோ இருப்பிடத்தையோ தொட வேண்டுமென்றால் பயனரிடம் கேட்க வேண்டும். பரிசோதகர் ஆறு நிமிடமே பார்த்தும் உலகம் இடிந்து விழாததற்கு இந்தச் சுவர்களே பெரும் காரணம்.

சுவர்களுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைத் தமிழர்கள் நன்றாகவே கட்டியிருக்கிறார்கள், அதற்கான சாட்சி கோலாலம்பூரிலேயே இருக்கிறது. கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலை 1985-இல் தொடங்கிய முத்து நெடுமாறன், 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் செல்லினத்தை வெளியிட்டார். ஐபோன் பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, பொத்தான் வைத்த கைப்பேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வைத்த செயலி அது. பிறகு 2008 ஜூலையில் ஆப்பிளின் செயலிக் கடை திறந்தது, ஐபோனுக்கும் செல்லினம் வந்தது. ஆனால் விசைப்பலகையாக வரவில்லை. ஒரு செயலி இன்னொரு செயலிக்குள் எழுத்தை உள்ளிடுவது அப்போது ஆப்பிளின் சுவர்களுக்குள் நடக்காத காரியம். எனவே செல்லினத்துக்குள் போய்த் தமிழில் எழுதி, அங்கிருந்து குறுஞ்செய்திக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வெட்டி ஒட்ட வேண்டும். நிரல் எழுதத் தெரியாமல் இல்லை, பரிசோதகர் நிராகரிக்கவும் இல்லை. விண்ணப்பிப்பதற்கான கதவே இல்லை. அதே காலத்தில் ஆண்ட்ராய்டு, 2009 ஏப்ரலில் வந்த 1.5 பதிப்பிலிருந்தே, வெளியார் விசைப்பலகைகளை ஏற்றுக்கொண்டிருந்தது.

ஆப்பிளின் தயக்கத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. விசைப்பலகையைப் போல் ஆபத்தான செயலி வேறில்லை. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், காதல் கடிதமானாலும் கடன் அட்டை எண்ணானாலும், அதன் வழியாகத்தான் போகிறது. அது எங்காவது அனுப்பி வைக்கிறதா என்பது மறுபடியும் ரைஸ் விடையில்லை என்று சொன்ன அதே கேள்வி. ஆனால் அந்தத் தயக்கம் எல்லா மொழிக்காரர்களையும் ஒரே மாதிரி அழுத்தவில்லை. ஆங்கிலம் எழுதுபவருக்கு இயங்குதளத்தோடு வந்த விசைப்பலகை முதல் நாளே இருந்தது. தமிழ் எழுதுபவருக்கு 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான், தமிழ் 99, அஞ்சல் என்று இரண்டு விசைமுகங்கள் ஐபோனுக்குள்ளேயே கிடைத்தன. வெளியார் விசைப்பலகைகளுக்கான கதவு 2014 செப்டம்பர் 17 அன்று, ஐஓஎஸ் 8-உடன் திறந்தது. கடை திறந்து ஆறு ஆண்டு. மஞ்சள் புள்ளியின் பக்கத்தில் யாரும் குறித்து வைக்காத காத்திருப்பு அது. 24 மணி நேரத்தில் 90 விழுக்காடு என்ற புள்ளிவிவரத்தில் அது சேராது.

கதவு திறந்த விதமும் கவனிக்கத்தக்கது. வெளியார் விசைப்பலகை இயல்பாகவே இணையத் தொடர்பில்லாத அறையில் அடைபட்டிருக்கும். பயனர் அமைப்புகளுக்குள் போய் ‘முழு அணுகல்’ என்று தந்தால்தான் வெளியுலகம் தெரியும். தராவிட்டாலும் அது வேலை செய்ய வேண்டும், அடுத்த விசைப்பலகைக்கு மாற வழி வைத்திருக்க வேண்டும் என்பவை பரிசோதகர் பார்க்கும் விதிகள். கடவுச்சொல் கட்டத்தில் விரல் பட்டதும் வெளியார் விசைப்பலகை விலகி, ஆப்பிளின் சொந்த விசைப்பலகை அந்த இடத்துக்கு வந்துவிடும். வெளியார் விசைப்பலகைகளை அறவே அனுமதிக்காதபடி தங்களைப் பூட்டிக்கொள்ளவும் செயலிகளுக்கு வசதி உண்டு, சில வங்கிச் செயலிகள் அப்படிச் செய்கின்றன. இவற்றை எந்தப் பரிசோதகரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. இயங்குதளமே ஒவ்வொரு தட்டலிலும், வரிசை எதுவும் இல்லாமல், செய்துவிடுகிறது.